அடைத்தவன் கடன்

நிலையற்ற மனமுடையவனைப் "பச்சோந்தி" என்று வைவது நம்மவர் வழக்கம். மேடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் பேசுகிறவனுக்கும், தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறுகிறவனுக்கும் இப்பெயரைச் சூட்டி மகிழ்கிறோம். ஆனால் அவ்வேழை உயிர் யாரையும் ஏய்ப்பதற்காக நிறம் மாறுவதில்லை. வெயிலின் சூடு வேண்டும்போது அது கருக்கிறது, பகைவனைக் கண்டால் ஒளிர்கிறது, நோயுற்றால் மங்குகிறது. தோலினுள் அடுக்கடுக்காய் அமைந்த நுண்ணிய படிகங்கள் நெருங்கியும் விலகியும் ஒளியைத் திருப்புவதால் இம்மாற்றம் நிகழ்கிறதென்று, 2015-ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்து ஆராய்ச்சியாளர் மடகாஸ்கர் நாட்டுப் பச்சோந்தி ஒன்றினை ஆராய்ந்து வெளியிட்டனர். நாவால் பேசும் மனிதன் உள்ளத்தை மறைக்கிறான். பேச்சில்லாத பச்சோந்தி தன் நிலையைத் தோலில் எழுதிக் காட்டுகிறது. இவ்விருவருள் யாருடைய பெயர் வசைச்சொல்லாதல் தகும் என்பதை அன்பர்களே முடிவு செய்க.

நிற்க. பச்சோந்தியின் புகழ் பாடுவதற்காக யான் எழுதுகோலை எடுக்கவில்லை. பட்டணத்தில் ஆசிரியத் தொழில் புரியும் நண்பர் ஒருவர் அதனைக் கூண்டில் வளர்த்து வருகிறார். அவர் ஒருநாள் என்னிடம், "கூண்டினுள் வைக்க உயிருள்ள செடி வேண்டும். நீர் தோட்டத்தில் இருப்பவர். ஆங்கில நூல்களையும் படிப்பவர். கேடு செய்யாத செடி எதுவென்று பார்த்து ஒன்று கொண்டு வாரும்" என்றார். கேட்டது ஒரு செடி. அதற்கு விடை தேடப் புகுந்த யான், எதிர்பாராத ஓரிடத்தில் போய் நின்றேன். அவ்வழியை அன்பர்களுக்கும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வளர்த்தல் தகுமா?

மலேசியக் காடுகளில் பச்சோந்தி இல்லை. இங்கே நம்மவர் அப்பெயரால் சுட்டுவது பெரும்பாலும் பச்சை ஓணானையே. தமிழகத்திலும் இலங்கையிலும் உண்மைப் பச்சோந்தியின் ஓரினம் உண்டு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைப் பிடித்து வளர்ப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. நண்பர் வளர்ப்பது ஏமன் நாட்டையும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியையும் தாயகமாகக் கொண்ட இனம். தலையின்மேல் கொண்டை போல் உயர்ந்த கவசமும், தனித்தனியே சுழலும் கண்களும், கிளையைக் குறடு போலப் பற்றும் பாதங்களும் உடையது. ஆண் இரண்டடி வரை நீளும்.

இத்தகைய உயிரைக் கூண்டில் வைப்பது தகுமா என்று கேட்பாரும் உளர். தகும் என்று வாதாட யான் வரவில்லை. சிங்கப்பூரில் பச்சோந்தியை வீட்டில் வளர்ப்பதே சட்டத்துக்கு மாறு. மலேசியாவிலோ, அருகி வரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகம் பற்றிய 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கும் பொருந்தும்; முறையான இசைவுச்சீட்டின்றி அயல்நாட்டிலிருந்து கொணர்தல் கூடாது. நண்பர் சீட்டு வைத்திருக்கிறார். சீட்டு சட்டத்துக்கு விடை சொல்லும். அறத்துக்கு விடை சொல்லுமா? வளர்க்காதிருப்பதே நலம் என்பது என் கருத்து. எனினும், வளர்க்கத் தொடங்கியவனிடம் "நீ தொடங்கியிருக்கலாகாது" என்று மட்டும் சொல்லிப் போய்விடுவது அறிவுடைமையாகாது. கூண்டுக்குள் ஓருயிர் இப்போதே இருக்கிறது. அதற்கு இன்று குடிக்க நீரும் நாளை ஏறக் கிளையும் வேண்டும். ஆதலின், அடைத்தவன் அடைபட்ட உயிருக்குச் செய்ய வேண்டிய கடன் யாது என்பதே நாம் ஆராயத்தக்க வினா.

இலை என்பது யாது?

நமக்குச் செடி ஓர் அழகுப் பொருள். பச்சோந்திக்கு அது நான்கு பொருளாகும். முதலாவது, இலைச்செறிவு அதன் வீடு. பிறர் கண்ணுக்குத் தப்பி ஒளிய இடமில்லையேல் அவ்வுயிர் ஓயாத அச்சத்தில் நலிவுறும். இரண்டாவது, கிளை அதன் வழி. தரையில் நடப்பதற்கன்றிக் கிளையில் நடப்பதற்கே அதன் பாதங்கள் அமைந்தன. மூன்றாவது, இலை அதன் நீர்க்கிண்ணம். தேங்கிய நீரை அது நாடுவது அரிது, இலைமேல் உருளும் துளியை நக்கிக் குடிப்பதே வழக்கம். நான்காவது, இலை அதன் உணவு. பச்சோந்திகள் பெரும்பாலும் பூச்சியையே தின்னும். இந்த ஏமன் இனமோ பூச்சியோடு இலையையும் பூவையும் கடித்துத் தின்னும் இயல்புடையது. பிளாஸ்டிக் இலையைக் கட்டிவிட்டால் தொல்லை தீருமே என்பாருக்கும் இதுவே விடை. பசித்த உயிர் அதனையும் கடித்து விழுங்கும். விழுங்கியது செரியாது குடலில் சிக்கும்.

ஆக, இலையின்மேல் ஒட்டியிருப்பது எதுவோ அது அதன் குடிநீரில் கலந்தது. இலையினுள் ஊறியிருப்பது எதுவோ அது அதன் சோற்றில் கலந்தது. தவறான செடியைக் கூண்டில் வைப்பவன் ஒரே செயலால் வீட்டையும் வழியையும் நீரையும் உணவையும் கெடுத்தவனாகிறான்.

இவ்விடத்தில் சிலர், "விலங்குகளுக்கு இயற்கையறிவு உண்டு, நஞ்சினை அவை தாமே விலக்கும்" என்பர். அஃது ஓரளவு உண்மையே. ஆனால் அவ்வறிவு எந்த நிலத்துக்கு உரியது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏமன் மலைச்சரிவிலே எண்ணற்ற தலைமுறையாக வாழ்ந்த இனத்துக்கு அம்மலைச்சரிவின் செடிகளோடு பழக்கம் உண்டு. நம் வீட்டு முற்றங்களில் தொட்டியில் நிற்கும், வெள்ளைப் புள்ளியிட்ட அகன்ற இலைகளையுடைய டிஃபன்பேக்கியா அமெரிக்க வெப்ப நாடுகளின் செடி. கடித்தவர் நாவையும் தொண்டையையும் வீங்கச் செய்து பேச்சடைக்கும் தன்மையது. நாற்றுப்பண்ணையில் ஊற்றும் மருந்தோ, சென்ற நூற்றாண்டில் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதனை அறியும் இயற்கையறிவு எவ்வுயிருக்கும் இல்லை. மேலும், காட்டில் ஓரிலை கசந்தால் பச்சோந்தி அடுத்த மரத்துக்குப் போய்விடும். கூண்டில் அடுத்த மரம் இல்லை. அங்குள்ள ஒவ்வோர் இலையும் நாம் வைத்த இலை.

இதிலிருந்து ஒரு கொள்கை பிறக்கிறது. ஓருயிரின் தேரும் உரிமையைப் பறித்தவன், அவ்வுயிருக்காகத் தேரும் பொறுப்பையும் தன் தலைமேல் ஏற்றிக்கொண்டவனாவான். உரிமை எவ்வளவு பறிக்கப்பட்டதோ பொறுப்பும் அவ்வளவே. பறித்த பின், "எனக்குத் தெரியாது" என்பது அவன் சொல்லத்தக்க விடையாகாது. தெரிந்துகொள்வதே அவன் முதற்கடன்.

மேனாட்டு அறிஞருள் பென்தம் என்பார் 1789-இல் வெளியிட்ட நூலில், விலங்கின் துன்பத்தையும் அறத்தின் கணக்கில் சேர்த்தல் வேண்டும் என்றார். செருமானிய அறிஞராகிய கான்ட் என்பார், விலங்கிடம் கொடுமை செய்து பழகியவன் மனிதரிடமும் கன்னெஞ்சனாவான் என்றஞ்சினார். இரண்டும் பொன்னான கருத்துக்களே. ஆயினும் இரண்டும் கொடுமையைப் பற்றியன. நண்பர் கொடியவரல்லர், தம் பச்சோந்திக்குப் பெயரிட்டு அழைக்கும் அன்பர். தவறான இலையைக் கூண்டில் வைப்பவருட் பெரும்பாலோர் இத்தகைய அன்பர்களே. எனவே அன்பு மட்டும் போதாது. ஆராய்ந்த அன்பு வேண்டும். மலேசியாவில் 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும், கொடுமை செய்யற்க என்பதோடு நில்லாமல், உயிரை வைத்திருப்பவன் அதன் தேவைகளை நிறைவேற்றும் கடனுடையவன் என்று விதித்திருப்பது ஈண்டு நினைவுகொள்ளத் தக்கது.

தேர்தலும் ஆயத்தமும்

எச்செடி தக்கது? அழகைச் சான்றாகக் கொள்ளலாகாது. அரளியைக் காட்டிலும் அழகாகப் பூப்பன சிலவே. அதன் இலை, பூ, தண்டு, வேர் யாவும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. புனிதமும் சான்றாகாது. அரளியைத் தெய்வத்துக்குச் சூட்டுகிறோம். எருக்கையும் ஊமத்தையையும் பூசைக்கு ஆக்குகிறோம். அதனால் அவற்றின் நஞ்சு ஒரு துளியும் குறைந்ததில்லை. இயற்கையாய் முளைத்தது என்பதும் சான்றாகாது. செம்பனை ஓரங்களில் தானே மண்டும் உண்ணிச்செடியும், வேலியில் நிற்கும் காட்டாமணக்கும் நஞ்சுடையனவே. துரைமார் பங்களாக்களில் வரிசையாக நிற்கும் குரோட்டன் செடியின் சாறும் எரிச்சலூட்டுவது.

ஏமன் பச்சோந்தியை வளர்ப்போர் நெடுங்காலமாகக் கையாண்டு வருவன செம்பருத்தி, மலாய் மக்கள் பெரிங்கின் என்று வழங்கும் தொங்குகிளை அத்தி, குடைபோல் இலை விரியும் குடைச்செடி, மணி பிளாண்ட் என்பன. இவற்றுள் தலைசிறந்தது செம்பருத்தி. 1960-இல் மலாயாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட அதே பூ. அதன் இலையையும் பூவையும் அவ்வுயிர் விரும்பித் தின்னும், தின்றால் கேடில்லை. அத்தியின் கிளைகள் ஏறுவதற்கு உறுதியானவை. எனினும் ஒடித்தால் வடியும் பால் எரிச்சல் தருமாதலின், புதிதாக வெட்டிய கிளையைப் பால் உலர்ந்த பின்னரே உள்ளே வைத்தல் நன்று.

மணி பிளாண்ட் பற்றி ஒரு சிக்கல் உண்டு. அதன் இலையில் ஊசி போன்ற நுண்படிகங்கள் இருப்பதால், நாயும் பூனையும் கடித்தால் வாய் எரிந்து எச்சில் வடியும். ஆகவே வளர்ப்புயிர்களுக்கு ஆகாத செடிகளின் பட்டியல்களில் அது இடம்பெறுகிறது. பச்சோந்தி வளர்ப்போரோ அதனைப் பல்லாண்டாகக் கூண்டில் வைத்து வருகின்றனர். சிறிது கடித்தும் கேடு காணவில்லை என்பது அவர்தம் அனுபவம். யாரை நம்புவது? பட்டியலைக் கண்டதும் அஞ்சி நடுங்குவது ஒரு மூடத்தனம். பலரும் செய்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு பின்செல்வது மற்றொரு மூடத்தனம். எவ்வுயிரை வைத்து எழுதிய பட்டியல், எவ்வளவு தின்றால் கேடு, நம் கூண்டிலுள்ள உயிர் அதனை எவ்வளவு தின்கிறது என்று கேட்பவனே பகுத்தறிவுடையவன். நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு. கூண்டிலோ அஃது அடைபட்ட உயிருக்கு. ஓர் உயிர் இலையை மிகுதியாக மேய்வதாயின், ஐயமுள்ள செடியை விலக்கிச் செம்பருத்தியைப் பெருக்குதல் அறிவுடைமை.

செடியைத் தேர்ந்தவுடன் கடன் தீர்ந்துவிடாது. அதனை ஆயத்தம் செய்தல் வேண்டும். கடையில் வாங்கிய தொட்டிமண்ணில் மணிமணியாக உரம் இருக்கும். பெர்லைட் என்னும் வெண்ணிறப் பொரிக்கல்லும் கலந்திருக்கும். அவை பூச்சிமுட்டை போலத் தோன்றிப் பச்சோந்தியின் நாவை இழுக்கும். ஆதலின் பழைய மண்ணை வேரிலிருந்து உதிர்த்து, உரமும் பொரிக்கல்லும் கலவாத மண்ணில் மாற்றி நட வேண்டும். மண்ணின்மேல் அதன் வாய்க்குள் அடங்காத பெரிய கூழாங்கற்களைப் பரப்ப வேண்டும். இலைகளின் மேலும் கீழும் மெல்லிய சவுக்கார நீரால் துடைத்து, நுரையின் சுவடும் இல்லாதபடி நன்னீரால் பலமுறை அலச வேண்டும்.

இத்துடன் முடிந்ததென்று எண்ணுவோர் பலர். இலையின்மேல் தெளித்த மருந்தை நீர் கழுவும். வேரில் ஊற்றிய மருந்தை எந்த நீரும் கழுவாது. இமிடாக்ளோபிரிட் போன்ற மருந்துகள் வேர்வழி ஏறி, தண்டிலும் இலையிலும் பூவின் தேனிலும் பரவி, மாதக்கணக்கில் நிற்பன. அவ்விலையைத் தின்ற வெட்டுக்கிளியைப் பச்சோந்தி தின்றாலும் நஞ்சு அதனுள் செல்லும். இதற்குக் காலமே மருந்து. செடியைத் தனியே வெயிலிலும் மழையிலும் மூன்று மாதமேனும் வைத்து, பழைய இலை உதிர்ந்து புத்திலை தழைத்த பின்னரே உள்ளே கொண்டு போதல் நன்று. அதைவிடச் சிறந்தது, மருந்தறியாத மண்ணில் நின்ற செடியின் கிளையை வெட்டி நாமே வேர்பிடிக்கச் செய்வது. மந்திர நீர் தெளித்து ஒருவனைத் தூயவனாக்கிவிட்டதாகக் கூறுவோரை நாம் நகைக்கிறோம். ஒரு குடம் நீரை ஊற்றிவிட்டுச் செடி தூய்மையாயிற்று என்பவனும் அவர்கள் வகுப்பைச் சேர்ந்தவனே.

வேலியோரத்துச் செம்பருத்தி

இவற்றையெல்லாம் இரண்டு வாரம் நூல்களைப் புரட்டித் தேர்ந்து, ஒரு முழுத்தாளில் குறிப்பெழுதி நண்பருக்குக் கொடுத்தேன். பிறகு செடி தேடினேன். எங்கள் தோட்டத்து மருந்துக் கிடங்கின் பின்புறம் செம்பருத்தி ஒன்று செழித்து நின்றது. கடைச் செடியன்று, நாற்றுப்பண்ணை மருந்து தொடாதது, யாரும் தெளிக்காதது. இதைவிடத் தக்கது யாது என்று மகிழ்ந்து, ஒரு மாலைப்பொழுதில் கத்தியோடு கிளை வெட்டப் போனேன்.

மருந்தடிக்கும் வேலை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் என்னைக் கண்டார்.

"கிராணி ஐயா, அந்தச் செடியவா வெட்டுறீங்க?"

"ஆமாம் அக்கா. ஏன்?"

"வேணாங்கய்யா. நாங்க பம்பு கழுவுற தண்ணியெல்லாம் அது வேருக்குத்தானே போவுது. அதுல ஒரு புழுகூட ஒக்காராது, பாருங்க."

பார்த்தேன். ஓரிலையிலும் ஓட்டையில்லை. யான் செழிப்பென்று கருதியது எந்தப் பூச்சியும் தீண்டாத இலையின் பளபளப்பு. "எத்தனை நாளாய் இங்கே கழுவுகிறீர்கள்?" என்று கேட்டேன். "நான் வேலைக்கு வந்த நாளா இங்கதான், ஐயா" என்றார்.

அன்பர்களே, அந்த மருந்துக் கிடங்கின் சாவி என்னிடம் இருக்கிறது. எத்தனை லிட்டர் வெளியே சென்றது, எவர் பெற்றார், எந்தப் பகுதிக்கு என்று ஒவ்வொரு காலையும் பெரட்டு முடிந்தவுடன் பதிவேட்டில் எழுதுபவன் யானே. கணக்கில் ஒரு லிட்டர் குறைந்தால் அன்றே எனக்குத் தெரியும். கழுவிய நீர் எங்கே போகிறது என்று எழுத அப்பதிவேட்டில் பத்தி இல்லை. பத்தி இல்லாததை யான் ஒருநாளும் கேட்டதுமில்லை. ஓர் ஓந்தி குடிக்கும் துளியில் என்ன கலந்திருக்கும் என்றறிய இரண்டு வாரம் படித்தேன். அந்த அம்மையார் முதுகில் சுமக்கும் மருந்தின் புட்டியிலே பொடியெழுத்தில் அச்சிட்டிருப்பதை அவருக்கு ஒருமுறையேனும் தமிழில் படித்துச் சொன்னதில்லை. அவர் கை கழுவிய இடத்தில் சவுக்காரம் இல்லை என்பதையும் அன்றுதான் கண்டேன்.

தொழிலாளியை ஓந்தியோடு ஒப்பிடுகிறான் என்று யாரும் சினக்க வேண்டா. அந்த அம்மையார் என்னைவிட நன்கறிந்தவர். என் பிழையைத் தடுத்தவரே அவர்தாம். யான் ஒப்பிடுவது உள்ளிருப்பவரை அன்று. வெளியிலிருந்து சாவியை வைத்திருப்பவனை. எந்த மருந்து வாங்குவது, எங்கே கலப்பது, எங்கே கழுவுவது, என்ன கையுறை தருவது என்பன எல்லாம் அவரைக் கேளாமல் பிறர் முடிவு செய்பவை. தேரும் உரிமை அவரிடம் இல்லாதபோது, தேரும் பொறுப்பு அதனை வைத்திருப்பவரிடம் முழுமையாக நிற்கிறது. துரை முதல் மண்டோர் வரை, கிராணி உட்பட, அவரவர் பங்குக்கு ஏற்ப அதற்குக் கடன்பட்டவர்.

"அவரைக் கூண்டிலா அடைத்திருக்கிறோம்? விருப்பமில்லையேல் வேலையை விட்டுப் போகலாமே" என்று ஒருவர் கேட்கலாம். குடியிருக்கும் வீடு வேலையோடு பிணைந்திருக்கிறது. வேலை போனால் வீடும் போகும். ஐம்பது வயதுக்கு மேல் வேறு தொழில் கற்பது எளிதன்று. கதவு திறந்திருக்கிறது என்பது உண்மை. கதவுக்கு வெளியே கிளை இருக்கிறதா என்பதையும் சொல்லல் வேண்டும். போக இடமில்லாதவனுக்குத் திறந்த கதவைக் காட்டுவது நேர்மையாகாது.

இஃது என் தோட்டத்துக்கு மட்டும் உரிய கதையன்று. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி பல்லாண்டு நம் பெண்மக்கள் முதுகில் சுமந்து அடித்த மருந்து. 2002-இல் தெனகானித்தா என்னும் அமைப்பு, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்கள் நஞ்சூட்டப்படுவதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே அரசு அம்மருந்துக்குத் தடை அறிவித்தது. 2006-இல் அத்தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத்தடை நடப்புக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2007-லேயே அதனை விலக்கிவிட்டது. தீது என்று அறிந்ததற்கும் நிறுத்தியதற்கும் இடையே நம் நாட்டில் பதினெட்டு ஆண்டு சென்றது. அப்பதினெட்டு ஆண்டிலும் பதிவேடுகள் ஒழுங்காகவே எழுதப்பட்டிருக்கும். லிட்டர்க் கணக்கும் சரியாகவே இருந்திருக்கும்.

செய்யத்தக்கது

ஆதலின் கடன் என்பதை மூன்றாகப் பகுத்துச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. முதலாவது, கேட்டல்: எது தின்னப்படுகிறது, எது குடிக்கப்படுகிறது, எது உடலில் படுகிறது என்று, அடைபட்டவரின் இடத்தில் நின்று கேட்டல். கேட்கத் தக்கவர் நூலாசிரியர் மட்டுமல்லர். அவ்விடத்திலேயே நாளும் கை நனைப்பவரும் ஆவர். எந்த நூலிலும் இல்லாத செய்தியை எனக்குச் சொன்னவர் அந்த அம்மையார். இரண்டாவது, ஐயம் உள்ளவரை பொறுத்தல்: செடியை மூன்று மாதம் வெளியே வைக்கிறோமே, அப்பொறுமை மனிதர் கையில் ஒரு புதிய மருந்தைக் கொடுக்கும் முன்னரும் வேண்டும். மூன்றாவது, கண்டபின் நீக்கல்: கண்டும் நீக்காதவன் காணாதவனைவிடக் கடன் மிகுந்தவன்.

யான் செய்தது சிறிது. மேலாளரிடம் நேரில் ஒருமுறை சொன்னேன். எழுத்தில் இருமுறை கேட்டேன். இப்போது பம்பு கழுவுவதற்குச் சிமெண்டுத் தொட்டி ஒன்றும், கை கழுவக் குழாயும் சவுக்காரமும் இருக்கின்றன. தொட்டியின் கழிவுநீர் இன்னும் வாய்க்காலுக்கே போகிறது. அதற்கான மூன்றாம் கடிதம் மேசையில் காத்திருக்கிறது. புதுமருந்து வரும்போதெல்லாம் புட்டியில் உள்ளதைப் பெரட்டில் தமிழில் படித்துச் சொல்கிறேன். முதல் நாளில் இளம்பெண் ஒருத்தி, "பிள்ளைக்குப் பால் குடுக்கிறவங்க இத அடிக்கலாமா, ஐயா?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. தெரியும் வரை அவளுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும் என்று மண்டோரிடம் சொன்னேன். அவர் முணுமுணுத்தாலும் கொடுத்தார்.

நண்பரின் பச்சோந்திக்கும் செடி கிடைத்தது. அந்த அம்மையார் தம் லயத்து வாசலில், தலைக்குத் தேய்த்துக் குளிப்பதற்காக வளர்க்கும் செம்பருத்தியிலிருந்து ஒரு கிளையை ஒடித்துக் கொடுத்தார். அதன் இலைகளில் புழு தின்ற ஓட்டைகள் நிறைய இருந்தன. புதுமண்ணில் நட்டு, மூன்று மாதம் வெளியே வைத்து, அலசி, கூழாங்கல் பரப்பி உள்ளே வைத்தோம். இப்போது அது பூக்கிறது. பூத்த அன்றே பூவைக் காணோம் என்கிறார் நண்பர்.

அன்பர்களே! கூண்டு வைத்திருப்போர் செடியை ஆராய்க. கூண்டு இல்லாதோரும், தம் கையில் எந்தச் சாவி இருக்கிறது, அதற்கு உள்ளே யார் இருக்கிறார் என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்க.